விரலுக்கு விடை சொல்லும் திரை

நுழையும்முன்

தேர்வு முடிவு பார்த்தல், கல்லூரிக்கு விண்ணப்பித்தல், மின்கட்டணம் செலுத்துதல், தொடர்வண்டி நேரம் அறிதல் என அன்றாடப் பணிகள் பலவும் இன்று இணையத்தின் வழியே நிகழ்கின்றன. திரையைத் தொட்டவுடன் மறுமொழி கிடைத்தால் பணி எளிதாகிறது. கிடைக்காவிடில் பதற்றம் பிறக்கிறது. அம்மறுமொழியை உருவாக்குபவர் நிரலர். அவர் கற்கவேண்டியவை கருவிகள் மட்டும்தாமா, அவற்றுக்கு அப்பாலும் ஒன்று உண்டா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

வாயிலில் நிற்பவர் அழைத்தால், உள்ளிருந்து 'இதோ வருகிறேன்' என்னும் குரல் எழுவது தமிழர் இல்லங்களின் வழக்கம். கதவு திறக்கச் சற்று நேரம் ஆகலாம். வீட்டார் அடுப்படியில் இருக்கலாம்; கொல்லைப்புறத்தில் இருக்கலாம். ஆயினும், குரல் மட்டும் உடனே வந்துவிட வேண்டும். அக்குரல் வாராதபோது வந்தவர் மீண்டும் தட்டுவார், பிறகு ஐயுறுவார், இறுதியில் திரும்பிச் செல்வார்.

இணையச் செயலிக்கும் இவ்வழக்கம் முற்றிலும் பொருந்தும். பயனர் ஒருவர் திரையைத் தொடுவது வாயிலில் நின்று அழைப்பதற்கு ஒப்பாகும். பணி முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஒன்று. அழைப்பு காதில் விழுந்தது என்பதை எவ்வளவு விரைவில் தெரிவிப்பது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, இரண்டுக்கும் பொறுப்பேற்பவரே நல்ல நிரலர். எனவே, உடனுக்குடன் மறுமொழி தரும் செயலிகளை உருவாக்கக் கற்பது என்பது, காத்திருப்பவரின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்கக் கற்பதேயாகும்.

கூடுவாஞ்சேரி தரும் சான்று

செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்திற்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையும் புறநகர்த் தொடர்வண்டித் தடமும் அருகருகே செல்லும் ஊர் கூடுவாஞ்சேரி. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இப்பகுதியின் முகம் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. காலையில் தொடர்வண்டியிலிருந்து இறங்குவோரில் கல்லூரி மாணவரும் மென்பொருள் பணியாளரும் பலராக உள்ளனர்.

இவ்வூரை ஒட்டிய வல்லாஞ்சேரியில், எஸ்டான்சியா தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் ஜோஹோ நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் உள்ளிட்டோரால் 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், முதலில் வலையமைப்பு மேலாண்மைக்கான மென்பொருளை உருவாக்கியது. 2005ஆம் ஆண்டில் ஜோஹோ ரைட்டர் என்னும் எழுத்துச் செயலியை வெளியிட்டது. கணினியில் எதையும் நிறுவாமல், உலாவியைத் திறந்து அதிலேயே எழுதவும் திருத்தவும் சேமிக்கவும் அது வழிசெய்தது. கூகுள் நிறுவனத்தின் டாக்ஸ் என்னும் சேவை 2006ஆம் ஆண்டில் வந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது. 2009இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ என மாற்றப்பட்டது.

உலாவிக்குள் எழுதுவது அன்று எளிய செயலாக இருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் தட்டச்சு செய்தவுடன் அது திரையில் தோன்ற வேண்டும். எழுதுவது தடைபடாமல் பின்னணியில் கோப்பு சேமிக்கப்பட வேண்டும். இணைப்பு அறுந்தாலும் எழுதியது அழியக்கூடாது. இத்தகைய சிக்கல்களுக்குத் தமிழ்நாட்டில் பணியாற்றும் நிரலரும் உலகிற்குரிய தீர்வு காண முடியும் என்பதற்கு இம்முயற்சி சான்றாகும்.

பக்கம் செயலியான கதை

தொடக்கக் காலத்தில் வலைப்பக்கம் என்பது அச்சிட்ட தாளைப் போன்றது. ஒரு சொடுக்குக்கு ஒரு புதிய தாள். சிறு மாற்றத்திற்கும் முழுப்பக்கமும் வழங்கியிலிருந்து மீண்டும் வரவேண்டும். அதுவரை திரை வெறுமையாகக் கிடக்கும்.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அதனால் உலாவிக்குள்ளேயே நிரல் இயங்கத் தொடங்கியது. 1999இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு உலாவி, பக்கத்தை மாற்றாமலேயே பின்னணியில் வழங்கியுடன் உரையாடும் வசதியைத் தந்தது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் வரைபடமும் அவ்வசதியின் ஆற்றலை உலகிற்குக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அம்முறைக்கு 'அஜாக்ஸ்' எனப் பெயரிட்டார்.

திறன்பேசிகள் பெருகியபின் மற்றொரு தேவை எழுந்தது. ஒரே பக்கம் கைக்குள் அடங்கும் திரைக்கும் மேசைக்கணினித் திரைக்கும் பொருந்த வேண்டும். திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் தன்னை ஒழுங்கமைத்துக்கொள்ளும் வடிவமைப்பு முறையை ஈதன் மார்கோட் 2010இல் விளக்கினார். ஆகவே, மறுமொழி என்னும் சொல் இன்று இருபொருள் தருகிறது. கருவிக்கேற்ப வடிவம் கொள்வது ஒன்று. விரலுக்கு உடனே விடை சொல்வது மற்றொன்று. முதலாவது குறையுடையதாயின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதில் உள்ள குறையோ, நிரலரின் விலையுயர்ந்த கணினியில் மறைந்திருந்து, பயனரின் எளிய கைப்பேசியில்தான் வெளிப்படும். அதனாலேயே அது கூடுதல் கவனத்திற்குரியது.

பொறுமையின் அளவு

எவ்வளவு விரைவு போதுமானது? 1968இல் ராபர்ட் மில்லர் கணினிக்கும் மனிதருக்கும் இடையிலான மறுமொழி நேரத்தை ஆராய்ந்தார். 1993இல் ஜேக்கப் நீல்சன் அவ்வாய்வையும் துணைக்கொண்டு மூன்று எல்லைகளை வகுத்துரைத்தார். 0.1 நொடிக்குள் மறுமொழி வந்தால், தாமே நேரடியாக ஒரு பொருளை இயக்குவதாகப் பயனர் உணர்வார். 1 நொடி வரை தாமதம் தெரியும். எனினும், எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடிக்கு மேற்பட்டால் கவனம் வேறு பணிக்குச் சென்றுவிடும்.

இன்றைய அளவுகோலும் இதனின்று வெகுதொலைவு விலகவில்லை. 2024 மார்ச்சு முதல் கூகுள் தன் முதன்மை அளவீடுகளுள் ஒன்றாக, பயனர் தொட்டது முதல் திரையில் அடுத்த மாற்றம் தோன்றும் வரையுள்ள நேரத்தைக் கொள்கிறது. அது 200 மில்லிநொடிக்குள் அமைந்தால் நன்று. 500 மில்லிநொடியைக் கடந்தால் குறையுடையது. கருவிகள் ஐம்பது ஆண்டுகளில் பன்மடங்கு விரைவு பெற்றுவிட்டன. மனிதரின் புலனும் பொறுமையும் அப்படியே உள்ளன. நிரலர் பொருந்திச் செல்லவேண்டியது மாறாத இம்மனித இயல்போடுதான்.

ஒரே சாளரம், நீண்ட வரிசை

செயலி ஏன் உறைந்து நிற்கிறது? உலாவியின் அமைப்பை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். ஒரு பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்குவது, தொடுகையைக் கேட்பது, திரையை வரைவது ஆகிய பணிகள் பெரும்பாலும் ஒரே தடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. தொடர்வண்டி நிலையத்தில் ஒரே ஒரு பயணச்சீட்டுச் சாளரம் திறந்திருப்பதாகக் கொள்வோம். வரிசையின் முன்னே நிற்பவர் முப்பது பேருக்கான பயண விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால், தாம்பரத்திற்கு ஒரே ஒரு சீட்டு வேண்டுவோரும் காத்திருக்கவே வேண்டும். வண்டி வந்து சென்றுவிடும்.

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு வரைவுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே. 50 மில்லிநொடிக்கு மேல் தடத்தைப் பிடித்துவைத்திருக்கும் பணியை 'நீண்ட பணி' என வரையறுக்கின்றனர். இதற்கு வழிகள் உள்ளன. நீண்ட பணியைச் சிறு துண்டுகளாக்கி, இடையிடையே பயனரின் அழைப்புக்கு இடம்விடலாம். கடினமான கணக்கீட்டைப் பின்னணியில் தனித்தடத்தில் இயங்கும் நிரலிடம் ஒப்படைக்கலாம். வழங்கியிடமிருந்து தரவு வரும்வரை நின்று பாராமல், வந்தபின் தொடரும்படி நிரலை அமைக்கலாம். செய்யவே வேண்டாத பணியைக் கண்டறிந்து நீக்குவது இவை அனைத்தினும் சிறந்தது.

தொலைவும் சுமையும்

தாமதத்திற்கு மற்றொரு காரணம் தொலைவு. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திற்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு ஏறத்தாழ 13,800 கிலோமீட்டர். இழை நேராகவே அமைந்தாலும், ஒருமுறை கேட்டு விடைபெற 0.13 நொடிக்கு மேலாகும். ஒரு பக்கம் திறக்க இத்தகைய பயணங்கள் பல தேவைப்படலாம். எந்த நிரலாலும் ஒளியை விரைவுபடுத்த இயலாது. ஆனால், பயணங்களைக் குறைக்க இயலும். அடிக்கடி தேவைப்படுவதைப் பயனருக்கு அருகிலுள்ள வழங்கியிலோ, அவரது கைப்பேசியிலோ சேமித்துவைப்பது அதற்கான வழி.

கூடுவாஞ்சேரி மாணவி ஒருத்தி புறநகர்த் தொடர்வண்டி நேரத்தைக் காட்டும் சிறு செயலியை உருவாக்குவதாகக் கொள்வோம். முகப்பை அழகுபடுத்த 4 மெகாபைட் அளவுள்ள ஒளிப்படத்தை வைக்கிறாள். கூட்டநேரத்தில் இணைய வேகம் நொடிக்கு 1 மெகாபிட்டாகக் குறைந்தால், அப்படம் மட்டுமே வந்துசேர 32 நொடி ஆகும். அதையே 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் 1.6 நொடி போதும். படமே இல்லாவிடினும் பயணிக்கு இழப்பில்லை; அவருக்கு வேண்டியது அடுத்த வண்டியின் நேரம்.

நேர அட்டவணை நாள்தோறும் மாறுவதில்லை. எனவே, முதல்முறை திறக்கும்போதே அதைக் கைப்பேசியில் சேமித்துவிடலாம். பின்னர், ஊரப்பாக்கத்திற்கும் வண்டலூருக்கும் இடையே இணைப்பு அறுந்தாலும் செயலி விடை சொல்லும். 'தாம்பரம்' எனத் தேடும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை வழங்கியை அழைப்பதும் வீண். விரல் சற்று ஓய்ந்தபின் ஒரே முறை அழைத்தால் போதும். முன்னர்க் கேட்ட கேள்விக்குரிய விடை பின்னர் வந்துசேர்ந்து புதிய விடையை மறைத்துவிடாமலும் காக்க வேண்டும். இவை சிறு நுணுக்கங்களே. எனினும், வண்டி நடைமேடைக்குள் நுழையும் வேளையில் படிக்கட்டில் ஓடுபவருக்கு இவற்றின் அருமை தெரியும்.

தெரிந்து தெளிவோம்

'கூடுவாஞ்சேரி' என்னும் சொல்லில் உள்ள எழுத்துகள் 6. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறியீடுகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 12 குறியிடங்களைக் கொள்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியிடமும் 3 பைட் இடம்பெறுவதால் அச்சொல்லின் அளவு 36 பைட். தமிழ் இலக்கணத்தின் எழுத்துக்கணக்கை அறியாத செயலி, நீண்ட சொல்லைச் சுருக்கும்போது 'சே' என்பதை நடுவே வெட்டிவிடக்கூடும். உரையைச் சுருக்கி அனுப்பும் வசதி இருப்பதால், அளவைக் காரணம்காட்டித் தமிழைத் தவிர்க்கவேண்டியதில்லை. ஒரு பெரிய ஒளிப்படத்தின் அளவோடு ஒப்பிட்டால், ஒரு முழு நூலின் தமிழ் உரையும் சிறியதே.

விரைவும் வாய்மையும்

விரைவு மட்டுமே போதுமா? போதாது. பணம் செலுத்தும் பொத்தானைத் தொடுகிறார் ஒருவர். திரையில் எவ்வகை மாற்றமும் இல்லை. மீண்டும் தொடுகிறார். நிரல் கவனமின்றி எழுதப்பட்டிருப்பின், பணம் இருமுறை சென்றுவிடும். அது கல்லூரி விண்ணப்பக் கட்டணமாகவோ, ஒரு குடும்பத்தின் மாதச் செலவுப் பணமாகவோ இருக்கலாம். தொட்டவுடன் பொத்தானின் தோற்றம் மாற வேண்டும். 'செலுத்தப்படுகிறது' என்னும் அறிவிப்பு வரவேண்டும். ஒரே கோரிக்கை இருமுறை வந்தாலும் ஒன்றாகவே கொள்ளும்படி வழங்கியும் அமைந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. விரைவாகத் தோன்றவேண்டும் என்பதற்காக, தரவு சேமிக்கப்படும் முன்னரே 'சேமிக்கப்பட்டது' எனத் திரையில் காட்டிவிடுவது. ஒரு படத்தை விரும்பியதற்கான குறியை இவ்வாறு முன்கூட்டிக் காட்டினால் பெருந்தீங்கில்லை. விண்ணப்பத்திற்கும் பணத்திற்கும் மருத்துவப் பதிவுக்கும் அவ்வாறு காட்டுவது பொய்யுரைப்பதாகும். 'பெற்றுக்கொண்டோம், உறுதி செய்யப்படுகிறது' என உள்ளதை உள்ளவாறு சொல்வதே நேர்மை. பணி தோல்வியுற்றால் காரணத்தையும் அடுத்த வழியையும் எளிய தமிழில் தெரிவிப்பதும் மறுமொழியின் பகுதியே.

பக்கம் திறந்தபின் மேலே ஒரு விளம்பரம் வந்தமர்ந்து பொத்தான்களைக் கீழே தள்ளுவதும், அதனால் விரல் வேறொன்றைத் தொட்டுவிடுவதும் பலர் அறிந்த தொல்லை. வரவிருக்கும் படத்திற்கு முன்பே இடம் ஒதுக்கிவைத்தால் இது நேராது. பார்வைத்திறன் குறையுடையோர் திரைவாசிப்பான் துணையுடன் செயலியைப் பயன்படுத்துகின்றனர். திரையில் ஏற்படும் மாற்றத்தை அவர்களுக்குக் குரலாகத் தெரிவிக்கும்படி நிரல் எழுதப்படவில்லையெனில், மற்றவருக்குக் கிடைத்த விடை அவர்களுக்குக் கிடைக்காமலேயே போகும்.

மறுப்பும் விடையும்

'ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சேவை வந்துவிட்டது; கருவிகளும் விரைவு பெற்றுவிட்டன; இனி இவ்வளவு சிக்கனம் எதற்கு?' என வினவுவோர் உளர். இந்தியாவில் அச்சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது உண்மையே. ஆனால், சாலை அகலமாகும்தோறும் வண்டிகள் பெருகுவதை ஜி.எஸ்.டி. சாலை வழியே செல்வோர் அறிவர். இணைய வேகம் உயரும்போது பக்கங்களும் கனம் கூடுகின்றன. மேலும், தரவு விரைந்து வந்துசேர்ந்தாலும் அதை இயக்கவேண்டியது கைப்பேசியின் செயலகம். விலைகுறைந்த கைப்பேசியில் அது மெதுவாகவே இயங்கும். சிக்கனமின்மையின் விலையைச் செலுத்துபவர் எப்போதும் எளியவரே.

'புதிய நிரல்தொகுப்புகளைக் கற்றால் போதும்' என்பாரும் உளர். 2006இல் ஜேகுவெரி, 2010இல் ஆங்குலர், 2013இல் ரியாக்ட் என நிரல்தொகுப்புகள் அடுத்தடுத்து வந்துள்ளன, இன்னும் வரும். அவை பயனுடையவை, வேலைவாய்ப்புக்கும் உதவுபவை. ஆயினும், இவை அனைத்தும் அதே உலாவியின் அதே ஒற்றைத் தடத்தின்மீதே இயங்குகின்றன. அடித்தளத்தை அறிந்தவர் எந்தக் கருவியையும் சில வாரங்களில் கற்கலாம். கருவியை மட்டும் அறிந்தவர், செயலி உறைந்து நிற்கும்போது காரணம் அறியாமல் தாமும் திகைத்து நிற்பார்.

கற்கும் முறை

தமிழ்நாட்டில் மேல்நிலை முதலாமாண்டுக் கணினிப் பயன்பாடுகள் பாடத்திலேயே ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியன இடம்பெற்றுள்ளன. எனவே, தொடக்கம் வகுப்பறையிலேயே அமைந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவரைச் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகையுடன் மென்பொருள் பயிற்சி அளிக்கும் பள்ளிகளை ஜோஹோ நிறுவனம் நடத்திவருகிறது. ஆர்வமும் பயிற்சியும் உடையவருக்கு இத்துறையின் வாயில் அடைபடவில்லை என்பதை இது உணர்த்துகிறது.

கற்போர் மேற்கொள்ளத்தக்க பழக்கங்கள் சில உள்ளன. உலாவியோடு இணைந்தே வரும் மேம்படுத்துநர் கருவிகளில் இணைய வேகத்தைக் குறைத்தும், செயலகத்தின் வேகத்தைக் குறைத்தும் சோதிக்கும் வசதி உண்டு. அதற்குத் தனிச்செலவு இல்லை. எழுதிய செயலியை வீட்டிலுள்ள பழைய கைப்பேசியில் ஒருமுறை திறந்துபார்க்க வேண்டும். எங்கே தாமதம் என ஊகிக்காமல் அளந்தறிய வேண்டும்; அளந்தபின் ஒரு திருத்தம் செய்து மீண்டும் அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினிப் பழக்கம் இல்லாத ஒருவரிடம் செயலியைக் கொடுத்து, விளக்கம் ஏதும் சொல்லாமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்பதை அருகிருந்து காண வேண்டும். அத்தயக்கம் கற்பிப்பதைப் பாடநூல்கள் கற்பித்துவிட இயலாது.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெறுகிறது. கல்வி, வேலை, மருத்துவம், நில ஆவணம் என வாழ்வின் முடிவுகள் பலவும் ஒரு சிறு திரையின் வழியே கடந்துசெல்லும் காலம் இது. அத்திரையின் முன் அமர்ந்திருப்பவரின் பெயரையோ ஊரையோ நிரலர் அறியார். அவர் சென்னையின் உயரடுக்கு மாளிகையிலும் இருக்கலாம். மறைமலைநகர் ஆலையில் இரவுப்பணி முடித்து, பேருந்துக்குக் காத்துநிற்கும்போது தங்கைக்காக விண்ணப்பத்தை நிரப்புபவராகவும் இருக்கலாம். இருவரின் ஒரு நொடியும் ஒரே மதிப்புடையது எனக் கருதி எழுதப்படும் நிரலே சிறந்த நிரல். அவ்வாறு எழுதக் கற்பவர் தொழில் ஒன்றைக் கற்பதோடு, பிறர் காலத்தை மதிக்கும் பண்பையும் கற்கிறார்.

கற்பவை கற்றபின்…

1. நீங்கள் பயன்படுத்தும் இணையச் செயலி ஒன்றைத் தேர்ந்து, பொத்தானைத் தொட்டது முதல் மறுமொழி வரும்வரை ஆகும் நேரத்தை நாளின் மூன்று வேளைகளில் குறித்து, வேறுபாட்டுக்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

2. இணைய வழியில் விண்ணப்பித்தபோது உங்கள் பகுதி மக்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளைக் கேட்டறிந்து, அவற்றுள் நிரலர் தீர்க்கத்தக்கவை எவை எனப் பட்டியலிடுக.

3. 'விரைவா, வாய்மையா – செயலிக்கு முதன்மையானது எது?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.